முட்டிக்காலோடு வந்த பிள்ளை: மோர்க்கியோ நோய் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

நுவரெலியா மாவட்டத்தில் ஒரு சிறிய அரச ஆஸ்பத்திரியில் வேலை செய்த காலத்தில் தொடங்கி, ஏறத்தாழ ஆறு வருடமாக நான் பார்த்து வரும் ஒரு பையனைப் பற்றியது இது. பெற்றோர் சரி என்ற பிறகுதான் எழுதுகிறேன். தோட்டத்தின் பெயரையும் ஆஸ்பத்திரிகளின் பெயரையும் விட்டுவிட்டேன். ஆளை அடையாளம் காட்டிவிடக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். எங்கள் தவறுகளை மாற்றவில்லை.

பின்னணி

ஹட்டனுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிஷன். அம்மா கொழுந்து எடுக்கிறார், அப்பாவுக்கு பக்டரியில் வேலை. அப்பா அம்மாவுக்குச் சொந்த அத்தை மகன். மலையகத்தில் இது முறையான கல்யாணம், யாரும் கண்ணெடுத்துப் பார்க்காத விஷயம். மூத்தது பெண், அடுத்து இந்தப் பையன். கடைசித் தங்கை பிறந்தது நான் இவர்களைச் சந்தித்த பிறகு.

பையன் பிறக்கும்போது 2.9 கிலோ. குறை எதுவும் இல்லை. பதினான்கு மாதத்தில் நடந்தான். ஒன்றரை வயதில் பிள்ளைக்காம்பரா (தாய்மார் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்) ஆயாதான் முதலில் கவனித்தார்: குளிப்பாட்டும்போது நெஞ்சுக்கூடு முன்னால் தள்ளிக்கொண்டு நிற்கிறது என்று. இரண்டரை வயதில் முழங்கால்கள் உள்பக்கம் வளைந்து ஒன்றோடொன்று தட்ட ஆரம்பித்தன. டவுன் கிளினிக்கில் ரிக்கெட்ஸ், அதாவது விட்டமின் டி போதாமல் எலும்பு மெலிந்து வளையும் நோய், என்றார்கள். விட்டமின் டி, கல்சியம்.

அது முட்டாள்தனமான ஊகம் இல்லை. மழையும் மூடுபனியுமான இடம், பிள்ளைக்குப் பால் அதிகம் கிடைக்காத வீடு, வளைந்த கால், தடித்த மணிக்கட்டு. நானாக இருந்தாலும் முதல் நாள் அதைத்தான் எழுதியிருப்பேன். ஆனால் அந்த மருந்து மூன்று வருடம் போனது. கிளினிக் கொப்பியில் ஒன்பது இடத்தில் ரிக்கெட்ஸ் என்று இருக்கிறது. ஒருவர் எழுதியதை அடுத்தவர் பார்த்து எழுதியிருக்கிறார். நிறை போடும் பக்கம் நிரம்பியிருந்தது, உயரம் போடும் பக்கத்தில் இரண்டே இரண்டு புள்ளிகள்.

முதல் சந்திப்பு: 2019 கடைசி

இருமல் என்று கொண்டு வந்தார்கள். ஐந்தரை வயது. உயரம் 88 சென்ரிமீற்றர். அந்த வயதுப் பிள்ளை சுமார் 110 இருக்க வேண்டும். கைகளும் கால்களும் அவ்வளவு குட்டை இல்லை, உடம்புதான் குட்டை. கழுத்து இருக்கிற இடமே தெரியவில்லை, தோளின் மேலேயே தலையை வைத்தது போல் இருந்தது. என் விரலைப் பிடித்து இறுக்கச் சொன்னேன். பிடித்தான், ஆனால் பலமே இல்லை. மணிக்கட்டு தொளதொளவென்று எந்தப் பக்கமும் மடங்கியது. பேச்சு மட்டும் படு சுட்டி. என் மேசையில் இருந்த பேனாக்களை எண்ணி, இரண்டு எழுதாது என்றும் கண்டுபிடித்துச் சொன்னான்.

அம்மா சொன்ன ஒரு வாக்கியத்தை நான் அப்படியே குறித்து வைத்திருந்தேன்: “முந்தி பள்ளத்துல இருந்து லயத்துக்கு ஒரே மூச்சுல ஏறி வருவான் ஐயா, இப்ப பாதிப் படியில உக்காந்துர்றான்.” (லயம் என்பது தோட்டத்து வரிசை வீடு.) முழங்கால் வலி என்று பக்கத்தில் எழுதினேன். முழங்கால் தசைநாரைத் தட்டிப் பார்க்கும் சின்னச் சுத்தியல் என் மேசை லாச்சிக்குள்ளேயே இருந்தது, அதை எடுக்கவில்லை. இதற்குத் திரும்பி வருவேன்.

இரத்தத்தில் கல்சியம், பொஸ்பேட், அல்கலைன் பொஸ்பட்டேஸ் மூன்றும் சரியாக இருந்தன. மருந்து குடித்ததால் சரியாகிவிட்டது என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் இரத்தம் சரியாகி மூன்று வருடத்தில் கால் நேராகாமல் இன்னும் வளைகிறது என்றால் அது ரிக்கெட்ஸ் இல்லை. கை எக்ஸ்ரேயும், பக்கவாட்டில் முள்ளந்தண்டு எக்ஸ்ரேயும் எடுக்கச் சொன்னேன். முள்ளெலும்புகள் உயரம் குறைந்து தட்டையாக இருந்தன. முன்பக்கம் நடுவில் கிளி மூக்குப் போல ஒரு நீட்டல். உள்ளங்கை எலும்புகள் மணிக்கட்டுப் பக்கம் கூராகி இருந்தன. படங்களைக் கண்டிப் பக்கம் இருந்த சிறுபிள்ளை வைத்திய நிபுணருக்கு அனுப்பினேன். அவர் தொலைபேசியில் சொன்ன பெயர் மோர்க்கியோ.

1929ல் உருகுவேயின் மொன்டிவீடியோவில் லூயிஸ் மோர்க்கியோவும், அதே வருடம் இங்கிலாந்தின் பேர்மிங்ஹாமில் ஜேம்ஸ் பிரெயில்ஸ்போர்டும் தனித்தனியாக விவரித்த, எலும்பு வளர்ச்சியைக் கெடுக்கும் ஒரு பரம்பரை நோய். பாடப் புத்தகத்தில் ஒரு பக்கமாகப் படித்திருந்தேன், அவ்வளவுதான்.

சாதாரணம் என்று வந்த ரிப்போர்ட்

மோர்க்கியோ என்றால் சிறுநீரில் கிளைகோசமினோகிளைக்கன் என்னும் சர்க்கரைச் சங்கிலிகள் கூடுதலாக வெளியேற வேண்டும். மாதிரி கொழும்புக்குப் போனது. ஐந்து வாரத்தில் பதில் வந்தது: சாதாரணம். கொப்பியில் யாரோ ‘மோர்க்கியோ இல்லை’ என்று எழுதிவிட்டார்கள். எலும்பு வளர்ச்சிக் கோளாறு, பெயர் தெரியவில்லை என்று ஆனது. அப்புறம் 2020 மார்ச்சில் ஊரடங்கு. கிளினிக்குகள் நின்றன. மொத்தத்தில் எட்டு மாதம் போனது. கொரோனா மேல் பழியைப் போடுவது சுலபம். ஆனால் அந்த ரிப்போர்ட்டை யாரும் கேள்வி கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

கேட்டிருக்க வேண்டிய கேள்வி இதுதான்: இந்தச் சோதனை எதைப் பிடிக்கும், எதை விட்டுவிடும்? மொத்த அளவைப் பார்க்கும் சாயச் சோதனைகள், இந்தச் சங்கிலிகள் தேங்கும் மற்ற நோய் வகைகளை ஓரளவு நன்றாகக் காட்டும். மோர்க்கியோவில் தேங்குவது முக்கியமாகக் கெரட்டன் சல்பேட் என்ற சங்கிலி. அதை அந்தச் சாயம் சரியாகப் பிடிப்பதில்லை. வயது ஏற ஏற அதன் அளவும் குறையும். எனவே மோர்க்கியோப் பிள்ளைக்கு சிறுநீர் ரிப்போர்ட் சாதாரணமாக வருவது அபூர்வம் இல்லை. அப்படி வந்தால் அதோடு விடாமல், சங்கிலியை உடைக்கும் நொதியத்தை (என்சைமை) அளக்க வேண்டும்.

கழுத்து

2020 கடைசியில் முழங்கால்களை நேராக்கும் சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்தார்கள். எல்லோருக்கும் சந்தோஷம். அப்பாயி, அதாவது அப்பாவின் அம்மா, முருகன் கோயிலுக்கு நேர்ந்துகூட வைத்துவிட்டார்.

முதல் நாள் மாலை வார்ட்டுக்கு வந்த மயக்க மருந்து வைத்தியர் பையனைப் படுக்க வைத்து, வாயைத் திறக்கச் சொல்லி, கொஞ்ச நேரம் சும்மா பார்த்துக்கொண்டே நின்றாராம். பிறகு பட்டியலில் இருந்து பெயரை வெட்டிவிட்டார். கழுத்து எக்ஸ்ரே இல்லாமல் இந்தப் பிள்ளைக்குச் சுவாசக் குழாய் போட மாட்டேன் என்றார். அம்மா அழுதுகொண்டே எனக்கு போன் எடுத்தார். எனக்கும் அப்போது கோபம்தான் வந்தது. இவ்வளவு தூரம் வந்த பிள்ளையை ஒரு எக்ஸ்ரேக்காகத் திருப்பி அனுப்புவதா என்று நினைத்தேன். இந்த நிகழ்வில் ஒருவர் பிள்ளையின் உயிரைக் காப்பாற்றினார் என்றால் அது அவர்தான்.

கழுத்தின் இரண்டாவது முள்ளெலும்பில் ஒரு பல்லைப் போல மேலே நீண்டிருக்கும் பகுதி உண்டு. முதல் முள்ளெலும்பு அதைச் சுற்றித்தான் திரும்பும், வழுக்கிப் போகாமல் தடுப்பதும் அதுதான். மோர்க்கியோவில் அந்தப் பல் சரியாக வளர்வதில்லை, எலும்புகளைப் பிடித்து வைக்கும் நார்களும் தளர்ந்தவை. தலை அசையும்போது மேல் எலும்பு முன்னால் நழுவி, முள்ளந்தண்டுக்குள் ஓடும் நரம்புத் தண்டான முண்ணாணை நெரிக்கும். மயக்க மருந்து கொடுத்துத் தலையைப் பின்னால் வளைத்துக் குழாய் போடும் அந்த வழக்கமான அசைவே போதும், கை கால் விளங்காமல் போகலாம், மூச்சும் நிற்கலாம்.

பையனைத் தானாகவே மெல்லக் குனியவும் நிமிரவும் சொல்லி எக்ஸ்ரே எடுத்தார்கள். நழுவல் கண்ணுக்கே தெரிந்தது. எம்.ஆர்.ஐ.யில் முண்ணாண் நசுங்கி, நசுங்கிய இடத்தில் நிறமும் மாறியிருந்தது. இப்போதுதான் சுத்தியலால் தட்டினார்கள். கால் எகிறியது. பாதத்தை மேலே தள்ளினால் கணுக்கால் தானாகத் துடித்தது. ‘பாதிப் படியில உக்காந்துர்றான்’ என்று அம்மா ஒரு வருடம் முன்பு சொன்னது முழங்காலைப் பற்றி இல்லை. கழுத்தில் நெரிபட்ட நரம்பின் களைப்பு அது.

நொதியமும் அதன் பரம்பரையலகும்

இரத்த மாதிரி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டது. வெள்ளணுக்களில் என்-அசிட்டைல்கலக்டோசமின்-6-சல்பட்டேஸ் என்ற நொதியம் கிட்டத்தட்ட இல்லை. கூடவே இரண்டு நொதியங்களை அளந்திருந்தார்கள், அது ஏன் என்று சொல்ல வேண்டும். ஒன்று பீட்டா-கலக்டோசிடேஸ். அது குறைந்தால் இதே தோற்றத்தில் மோர்க்கியோ பி வகை வரும். மற்றது வேறொரு சல்பட்டேஸ், அதாவது சல்பேட்டைக் கழற்றும் நொதியம். மனித உடம்பின் சல்பட்டேஸ்கள் எல்லாம் உருவான பிறகு, அவற்றில் இருக்கும் சிஸ்டீன் என்ற ஓர் அமினோ அமிலத்தை இன்னொரு நொதியம் மாற்றிக் கொடுத்தால்தான் வேலை செய்யும். அந்த மாற்றும் நொதியம் கெட்டால் எல்லா சல்பட்டேஸும் ஒன்றாகப் படுத்துவிடும். அது வேறு நோய், மூளையையும் பாதிக்கும். இவனுக்கு இரண்டும் சரியாக இருந்தன. ஆகவே இது ஏ வகை.

காரணமான பரம்பரையலகு (மரபணு) ஜி.ஏ.எல்.என்.எஸ்., 16ஆம் நிறமூர்த்தத்தின் (குரோமோசோமின்) நீண்ட கையின் நுனியருகில் இருக்கிறது. அப்பாவிடமிருந்து வந்த பிரதியிலும் அம்மாவிடமிருந்து வந்த பிரதியிலும் ஒரே இடத்தில் ஒரே எழுத்து மாறியிருந்தது.

பெற்றோருக்கு நான் விளக்கியது இப்படி. கலத்துக்குள் இலைசோசோம் என்று ஒரு இடம் இருக்கிறது. பழைய சங்கிலிகளை அங்கே நுனியிலிருந்து ஒவ்வொரு கண்ணியாகக் கழற்றுவார்கள். சாயங்காலம் மடுவத்தில் கொழுந்து நிறுக்க வரிசையில் நிற்கிறோமே, முன்னால் நிற்கிறவர் கூடையை இறக்கவில்லை என்றால் பின்னால் இருக்கிற யாரும் தராசுக்குப் போக முடியாது. நுனியில் இருக்கும் சல்பேட்டைக் கழற்றும் ஆள் இல்லாததால் பின்னால் இருப்பவர்களும் வேலை செய்ய முடியாமல் நிற்கிறார்கள். சங்கிலி தேங்குகிறது. அப்பா உடனே கேட்டார்: “அப்ப மூளைக்கு ஏன் ஒண்ணும் ஆகல?” நல்ல கேள்வி. தேங்குகிற கெரட்டன் சல்பேட்டும் கொண்ட்ரோயிற்றின்-6-சல்பேட்டும் குருத்தெலும்பிலும் கண்ணின் விழிவெண்படலத்திலும்தான் அதிகம். மூளையைக் கெடுக்கும் ஹெபரன் சல்பேட்டை உடைக்க இந்த நொதியம் தேவையில்லை. அதனால் அவன் கணக்கில் கெட்டிக்காரனாகவே இருப்பான் என்றேன்.

எடுத்த முடிவுகள்

கழுத்து முதலில், முழங்கால் பிறகு. இதில் யாருக்கும் மறுபேச்சு இல்லை. 2021 ஆரம்பத்தில் தலையை அசைக்காமல், வளையும் கமராக் குழாய் வழியாகச் சுவாசக் குழாய் போட்டு, முண்ணாணுக்கு இடம் விட்டு, மேல் முள்ளெலும்புகளைப் பிணைத்தார்கள்.

நொதியத்தை ஊசியாக ஏற்றுவது பற்றி நீண்ட நேரம் பேசினோம். எலோசல்பேஸ் அல்பா என்ற அந்த மருந்து 2014ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. கிழமைக்கு ஒரு தடவை, ஒரு கிலோ நிறைக்கு 2 மில்லிகிராம், ஆயுள் முழுதும். அவன் அப்போது 14 கிலோ. ஒரு குப்பியில் 5 மில்லிகிராம் என்றால் கிழமைக்கு ஆறு குப்பி, வருடத்துக்கு முந்நூறுக்கு மேல். உலகத்தின் மிக விலையுயர்ந்த மருந்துகளில் ஒன்று அது. ஆறு நிமிட நடைச் சோதனையில், 24 கிழமைக்குப் பிறகு, மருந்து எடுத்தவர்கள் எடுக்காதவர்களைவிடச் சராசரி 22.5 மீற்றர் கூடுதலாக நடந்தார்கள். எலும்பை அது திருத்துவதாகக் காட்டவில்லை. விலையைச் சொல்வதா வேண்டாமா என்று எங்களுக்குள் ஒரு வாக்குவாதம். ‘சொன்னால் கடன்பட ஓடுவார்கள், வட்டிக்காரனிடம் மாட்டுவார்கள்’ என்று ஒருவர் சொன்னார். நான் சொல்லிவிட்டேன், அது என்ன செய்யும் என்ன செய்யாது என்பதையும் சேர்த்து. அப்பா கேட்டுவிட்டு, “காலுக்கும் கழுத்துக்கும் அது உதவாதுன்னா அந்தப் பேச்சை விட்டுரலாம் ஐயா” என்றார். விண்ணப்பம் ஒன்று போட்டோம். மருந்து கிடைக்கவில்லை.

அடுத்தது சகோதரிகள். பத்து மாதத் தங்கைக்கு நோய் இருக்கலாம், இருந்தால் கழுத்தை இப்போதே கவனிக்க வேண்டும். ஆகவே சோதித்தோம். நோய் இல்லை. பதினொரு வயது அக்கா நன்றாக வளர்ந்திருந்தாள், நோய் இல்லை என்பது பார்த்தாலே தெரியும். அவள் பழுதான பிரதி ஒன்றைச் சுமக்கிறாளா என்று பார்க்கும்படி அப்பா கேட்டார். செய்யவில்லை. சுமப்பதால் அவளுக்கு எந்தக் கெடுதியும் இல்லை, சுமக்கும் சாத்தியம் மூன்றில் இரண்டு. அந்த ரிப்போர்ட் லயத்தில் பரவினால் பெண் கேட்டு வருகிறவர்கள் முன்னால் அதைத்தான் வைப்பார்கள். பெரியவளாகி அவளே கேட்கட்டும் என்றோம். அப்பாவுக்கு இதில் முழுத் திருப்தி இல்லை.

கடினமாக இருந்தது அப்பாயி விஷயம். ‘எங்க வம்சத்துல இப்படி ஒரு பிள்ளை இல்லை, இவ வயித்துல என்ன கோளாறோ’ என்று மருமகளை மூன்று வருடமாகக் குத்திக்கொண்டிருந்தார். வம்ச மரத்தைப் போட்டுப் பார்த்தால் விஷயம் வேறு. அப்பாயியும் அம்மாவின் தகப்பனும் உடன்பிறந்தவர்கள். அந்த ஒரே மாற்றம் அவர்களுடைய பெற்றோரில் ஒருவரிடமிருந்து இறங்கி, தம்பி வழியாக மருமகளுக்கும், அப்பாயி வழியாக மகனுக்கும் வந்திருக்க வேண்டும். அதை அவர் முன்னால் வரைந்து காட்டலாம் என்று ஒரு கணம் ஆசை வந்தது. வரையவில்லை. அவர் முன்னாலேயே, கணவன் மனைவி இரண்டு பேரைப் பற்றி மட்டும், ஆளுக்கு ஒன்று வந்திருக்கிறது, இரண்டும் சேர்ந்தால்தான் நோய், ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு சாத்தியம் என்று சொன்னேன். அப்பாயி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அப்ப எந்தம்பி வழியில வந்ததா, என் வழியிலயா?” என்று கேட்டார். அவருக்குப் புரிந்துவிட்டது. “இரண்டு வழியிலும்தான், அம்மா” என்றேன்.

இன்னொரு பிள்ளை பற்றியும் பேசினோம். கர்ப்பத்தில் சோதிக்க வழி உண்டு. ஆனால் இலங்கைச் சட்டத்தில் தாயின் உயிரைக் காப்பாற்ற அன்றிக் கருக்கலைப்பு இல்லை, ஆகவே ரிப்போர்ட்டை வைத்து என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே யோசிக்கச் சொன்னேன். கருத்தடை பற்றிய பேச்சை நான் தொடங்கவில்லை. ஆஸ்பத்திரிக்காரர் அதைத் தொடங்கினால் தோட்டத்தில் என்ன அர்த்தம் எடுப்பார்கள் என்று தெரியும். அம்மாவே இரண்டு மாதம் கழித்து வந்து கேட்டார்.

கிளினிக் கொப்பியின் அட்டையில் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் சிவப்பு மையில் எழுதினோம்: கழுத்தை வளைக்கக் கூடாது, நிபுணர் இல்லாமல் மயக்க மருந்து கூடாது. வீட்டுக்கு வேறு பட்டியல். தலையில் விறகு, தண்ணிக் குடம் எதுவும் ஏற்றக் கூடாது. குட்டிக்கரணம் கூடாது. முடி வெட்டும் கடையில் கழுத்தில் நெட்டி எடுக்க விடவே கூடாது. கடைசியாகச் சொன்னதைக் கேட்டு அப்பா முகம் வெளுத்தது. ஒவ்வொரு தீபாவளிக்கும் முடி வெட்டியவுடன் அதைச் செய்திருக்கிறார்கள்.

பிறகு நடந்தவை

மூன்று மாதம் தலையைச் சுற்றி வளையமும் நெஞ்சில் சட்டகமும். லயத்துப் பிள்ளைகள் ராக்கெட் என்று பெயர் வைத்தார்கள், அவனுக்கு அது பிடித்திருந்தது. அந்தக் காலம் முழுக்க அம்மாவுக்குப் பேர் விழவில்லை, அதாவது வேலைநாளும் இல்லை, கூலியும் இல்லை. நாட்சம்பளம் 1000 ரூபாய் என்று வர்த்தமானி வந்ததும் அந்த வருடம் மார்ச்சில்தான். கிளினிக்குக்கு வரும் பஸ் காசை நாங்கள் கணக்கில் எடுக்கவே இல்லை என்பது, அவர்கள் இரண்டு தவணை வராமல் போன பிறகுதான் உறைத்தது. கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை என்று மாறி மாறிப் போய் வர ஒரு பகல் முழுதும் வேண்டும்.

ஆறு மாதத்தில் கணுக்கால் துடிப்பு நின்றது. படிக்கட்டில் உட்காருவதும் குறைந்தது, ஆனால் முற்றாக நிற்கவில்லை. முழங்கால் சத்திரசிகிச்சை 2022 நடுவில் என்று இருந்தது. அது பெற்றோல், டீசல் வரிசையில் நாடே நின்ற நேரம். வாகனமும் இல்லை, ஆஸ்பத்திரியில் மருந்தும் குறைவு. 2023 ஆரம்பத்தில்தான் செய்ய முடிந்தது. கால்கள் இப்போது பெருமளவு நேராக இருக்கின்றன. காது கொஞ்சம் மந்தம், கருவி போட்டிருக்கிறான். விழிவெண்படலத்தில் மெல்லிய மங்கல், படிப்பதற்குத் தடை இல்லை. பல்லின் எனாமல் மெல்லியது, அதைப் பள்ளிப் பல் வைத்தியர் பார்க்கிறார்.

பாடசாலையில் அவன் வகுப்பு மேல் மாடியில் இருந்தது. அதிபரிடம் கடிதம் கொடுத்தோம். ஒரு தவணை இழுத்தடித்து, அப்புறம் வகுப்பையே கீழே இறக்கிவிட்டார்கள். எழுதப் பிடிமானம் இல்லாததால் பென்சிலில் சைக்கிள் டியூப் துண்டு சுற்றிக் கொடுத்தது அவன் அப்பா. எந்தச் சிகிச்சையாளரும் அதைவிட நல்லது கொடுக்கவில்லை.

மாற்றியிருக்க வேண்டியவை

பிள்ளையின் உயரத்தையும் போட்டிருக்க வேண்டும். நின்ற உயரத்தோடு உட்கார்ந்த உயரத்தையும் இரண்டு தடவை எடுத்திருந்தால் மூன்று வயதிலேயே சந்தேகம் வந்திருக்கும், ஒரு நாடா போதும். ரிக்கெட்ஸ் மருந்துக்கு முடிவுத் தேதி எழுதியிருக்க வேண்டும்: இத்தனை மாதத்தில் எக்ஸ்ரேயில் மாற்றம் இல்லை என்றால் நோயின் பெயரை மறுபடி யோசி என்று. இப்போது என் கிளினிக்கில் அப்படித்தான் எழுதுகிறோம்.

சிறுநீர் ரிப்போர்ட் சாதாரணம் என்று வந்த அன்றே நொதியச் சோதனைக்கு அனுப்பியிருந்தால் எட்டு மாதம் முன்னால் கழுத்துக்குப் போயிருப்போம். முண்ணாணில் நிறம் மாறும் முன்பே போயிருக்க முடியுமா என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. நடக்கும் தூரம் குறைகிறது என்று தாய் சொன்னால், கால் எவ்வளவு வளைந்திருந்தாலும், தசைநாரைத் தட்டிப் பார்க்காமல் அனுப்புவதில்லை. கழுத்துப் படம் பார்க்காமல் இந்த நோய்ப் பிள்ளை யாருக்கும், பல் பிடுங்குவதற்குக்கூட, மயக்க மருந்துக்கு அனுப்புவதில்லை.

மொழி பற்றியும் ஒன்று. பெரிய ஆஸ்பத்திரியில் ஆங்கிலத்தில் எழுதி, சிங்களத்தில் சொல்லி அனுப்பிய விவரத்தை அம்மா என்னிடம் தமிழில் கொண்டு வந்தபோது, ‘எலும்பு பலவீனம், நல்லா சாப்பிடச் சொன்னாங்க’ என்று மட்டுமே மிஞ்சியிருந்தது. இப்போது நிபுணர் பேசும்போது தொலைபேசியில் நானோ ஒரு தாதியோ கூடவே இருக்கிறோம்.

அவனுக்கு இப்போது பதினொரு வயது. உயரம் 99 சென்ரிமீற்றர், கடந்த இரண்டு வருடத்தில் ஒன்றுகூடக் கூடவில்லை. இடுப்பு மூட்டில் வலி தொடங்கியிருக்கிறது, மழை நாளில் பாடசாலைக்கு அப்பா தூக்கிப் போகிறார். அடுத்த எம்.ஆர்.ஐ. தைப்பொங்கலுக்குப் பிறகு. அக்காவுக்குப் பதினாறு முடிகிறது. போன தடவை தம்பியோடு அவளும் வந்திருந்தாள், கேட்க ஏதோ இருப்பது போல் நின்றுவிட்டு, அம்மா கூப்பிட்டதும் போய்விட்டாள்.